எங்கும் ஒரே ருசியாம்!

என் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலுள்ள மகளையும் மாப்பிள்ளையையும் பார்க்கப் போய், ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பி வந்தார். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். எதையும் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறவர். நயாகராவைப் பற்றிச் சொன்னார். சாலைகளைப் பற்றிச் சொன்னார். மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லாமல் சொன்னார். கடைசியில் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“ஹாம்பர்கர் என்று ஒன்று இருக்கிறதே ஸார், அதிலே அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை! நியூயார்க்கில் ஒன்று சாப்பிட்டேன். ஏறக்குறைய மூவாயிரம் மைல் தள்ளி லாஸ் ஏஞ்சலீஸில் ஒன்று சாப்பிட்டேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றால் எந்த ஊர் என்று சொல்ல முடியாது. எங்கே போனாலும் ஒரே ருசி! அதுதான் ஸார், நாகரிகம்!”

வந்தவரிடம் வாதாடுவது மரியாதையல்ல என்று அப்போது காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஆனால் அன்று முதல் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அவர் ஒருவர் மட்டும் சொல்வதாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். போய் வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்கிறார்கள். போகாதவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே இங்கே கொஞ்சம் வாதாடப் போகிறேன்.

முதலில் ஓர் ஆட்சேபத்தை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறேன். ஹாம்பர்கர் என்பது கொத்திய மாட்டிறைச்சியை வடை மாதிரித் தட்டி, கல்லில் போட்டு எடுத்து, ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தரும் பண்டம். மாட்டிறைச்சி தின்னலாமா, கூடாதா என்பது தனி வழக்கு. அதை இன்று நான் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தின்கிற ஜனங்களின் நாட்டில், அவர்களுக்குப் பிரியமான பண்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான். ‘எங்கும் ஒரே ருசி’ என்பதை ஒரு பண்டத்துக்குக் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரமாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அதைச் சமைத்தவனுக்கு எழுதப்பட்ட வேலை நீக்க உத்தரவு. எப்படி என்று சொல்கிறேன்.

ஹோமர் பிறந்த ஊர் எது என்று ஏழு ஊர்கள் சண்டை போட்டன என்பார்கள். ஹாம்பர்கர் பிறந்த ஊர் எது என்று அமெரிக்காவிலும் அப்படி ஒரு சண்டை உண்டு. விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் ஸீமோர் என்ற சிற்றூர், “எங்கள் சார்லி நாக்ரீன் 1885-லேயே சந்தையில் விற்றான்” என்கிறது. அதே 1885-இல், நியூயார்க் ராஜ்யத்து ஹாம்பர்க் என்ற ஊர்ச் சந்தையில் மென்ச்செஸ் சகோதரர்கள் விற்றார்கள் என்று இன்னொரு கட்சி. டெக்ஸாஸில் ஏதென்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது ஃப்ளெச்சர் டேவிஸ் என்பவரை முன்னே நிறுத்துகிறது. கனெக்டிகட் ராஜ்யத்து நியூ ஹேவனோ, “எங்கள் லூயி லாஸெனை மறந்துவிட்டீர்களா?” என்று கேட்கிறது. இவற்றில் எந்தக் கட்சி ஜயித்தாலும் எனக்குச் சந்தோஷமே. நான் பார்ப்பது வேறு. ஒரு பண்டத்தைத் தன் பிள்ளை என்று நாலு ஊர் கட்டிக்கொண்டு அழுகிறதென்றால், அந்தப் பண்டத்தில் ஊர் இருக்கிறது, மனிதன் இருக்கிறான் என்று அர்த்தம். எங்கும் ஒரே மாதிரி இருக்கும் சாமானுக்காக யார் சண்டை போடுவார்கள்? குண்டூசி பிறந்த ஊருக்காக யாராவது அடித்துக்கொண்டதுண்டா?

அந்த நியூ ஹேவன் கடைக்கு ஒரு முறை நான் போயிருக்கிறேன். ‘லூயிஸ் லஞ்ச்’ என்று பெயர். 1895-இல் லூயி லாஸென் ஆரம்பித்தது. இன்றும் அந்தக் குடும்பத்தார்தாம் நடத்துகிறார்கள். 1900-ஆம் ஆண்டில் அவசரமாக ஓடிவந்த வாடிக்கைக்காரர் ஒருவர், போகிற வழியிலேயே தின்ன ஏதாவது கொடு என்றாராம். லாஸென் கொத்துக்கறியை வாட்டி, இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் வைத்து நீட்டினாராம். குடும்பம் சொல்லும் கதை இது.

சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். மேஜைகளிலும் பலகைகளிலும் தலைமுறை தலைமுறையாக வந்து தின்றவர்கள் கத்தியால் தங்கள் பெயரின் முதலெழுத்துக்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1898-ஆம் வருஷத்து வார்ப்பிரும்பு அடுப்பு. அதற்குள் கறி படுத்துக்கொண்டு வேகவில்லை, நின்றுகொண்டு வேகிறது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சூடு படுகிறது. கொழுப்பு கீழே வடிந்துவிடுகிறது. ஐந்து வகை இறைச்சித் துண்டுகளைக் கலந்து அரைத்த கறி. வட்ட ரொட்டி கிடையாது. சாதாரண ரொட்டியை வாட்டி வைக்கிறார்கள். கூட வேண்டுமானால் சீஸ், தக்காளி, வெங்காயம். அதோடு சரி. கெட்ச்சப் கிடையாது. கடுகுச் சாந்து கிடையாது.

எனக்கு முன்னால் நின்ற மாணவப் பையன் ஒருவன், “கொஞ்சம் கெட்ச்சப்...” என்று இழுத்தான். கல்லாவில் இருந்தவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்ற ஆட்டம் அல்ல. பையன் வாங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தான். முதல் கடிக்கு முகத்தைச் சுளித்தான். மூன்றாவது கடிக்கு மறுபடி வரிசையைப் பார்த்தான், இன்னொன்று வாங்கப் போதுமான நேரம் இருக்கிறதா என்று. அந்தக் கறிக்குச் சொந்தமாக ஒரு ருசி இருப்பதைக் கெட்ச்சப் இல்லாத காரணத்தால் அவன் அன்று கண்டுபிடித்தான். கடைக்காரரின் பிடிவாதம் அவனுக்குச் செய்த உபகாரம் அது.

1970-க்குப் பின் அந்தக் கட்டடம் இருந்த இடத்தை நகரத்தார் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இடித்துத் தள்ள வேண்டியதுதான் என்ற நிலைமை. 1975-இல் கடையை அப்படியே பெயர்த்து, நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். புதிய இடத்தில் சுவர் எழுப்ப எங்கெங்கிருந்தோ அன்பர்கள் செங்கல் அனுப்பினார்கள். என் நண்பரைக் கேட்கிறேன். நீங்கள் லாஸ் ஏஞ்சலீஸில் தின்றீர்களே, அந்தக் கிளையை நாளைக்கு இடித்தால் நீங்கள் ஒரு செங்கல் அனுப்புவீர்களா? அடுத்த தெருக் கிளைக்குப் போய்விடுவீர்கள். உங்கள் ஒரே ருசிக்கு விலை அவ்வளவுதான்.

நியூ ஹேவன் ஒன்றுதானா என்றால், இல்லை. ஓக்லஹோமாவில் எல் ரீனோ என்ற ரயில்வே ஊர். அங்கே கறி வடையின் மேல் மெல்லிசாகச் சீவிய வெங்காயத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டு, திருப்பியால் கல்லோடு கல்லாக அழுத்துவார்கள். வெங்காயம் கறிக்குள் புதைந்து, முறுகிக் கருகி, இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ராபர்ட்ஸ் கிரில்’ என்ற கடை அங்கே 1926-இல் தோன்றியது. இந்த வழக்கம் எப்படி வந்தது? 1922-இல் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம். கையில் காசில்லை. இறைச்சி விலை அதிகம், வெங்காயம் மலிவு. பாதிக் கறியும் பாதி வெங்காயமுமாகச் செய்து பசியை ஆற்றினார்கள் என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். வேலைநிறுத்தம் முடிந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. வெங்காயம் போகவில்லை.

மிஸிஸிப்பி ராஜ்யத்தில் காரிந்த் என்ற ஊர். இறைச்சி போதாத காலத்தில் கறியோடு மாவைக் கலந்து, எண்ணெயில் பொரித்து, ஐந்து சென்டுக்கு விற்றார்கள். ‘ஸ்லக்பர்கர்’ என்று பெயர். ஐந்து சென்ட் காசைக் கொச்சையாக ‘ஸ்லக்’ என்பார்களாம். அதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். வறுமைக்குப் பிறந்த குழந்தை அது. இப்போது அந்த ஊர் அதற்குத் திருவிழாக் கொண்டாடுகிறது.

மெம்ஃபிஸ் நகரத்து ‘டையர்ஸ்’ கடை 1912-இல் ஆரம்பித்தது. அங்கே கறியைக் கொழுப்பில் மூழ்கடித்துப் பொரிக்கிறார்கள். அந்தக் கொழுப்பைத் தினந்தோறும் வடிகட்டி, குறைந்ததை ஊற்றி நிரப்பி, ஆரம்பத்திலிருந்து அதே கொழுப்பைத்தான் வைத்திருக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். கடை இடம் மாறியபோது கொழுப்புப் பானை போலீஸ் பாதுகாப்போடு ஊர்வலம் போயிற்று என்பது அவர்கள் கதை. டாக்டர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்காதீர்கள். நாள்தோறும் தின்னச் சொல்லவில்லை. ஒரு கடை தன் பானையை நேசிக்கிறது என்று மட்டும் சொல்லுகிறேன்.

விஸ்கான்ஸின் பால் வளம் மிகுந்த ராஜ்யம். ஆகவே மில்வாக்கிப் பக்கம் 1936-இல் பிறந்த ‘ஸாலீஸ்’ கடையில் வெண்ணெயைத் தடவவில்லை, வெட்டி வைத்தார்கள். தட்டில் வெண்ணெய் ஓடியது. மினியாபொலிஸ் நகரத்தில் ஸீடர் அவென்யூ என்று ஒரு சாலை. அந்த ஒரே சாலையில் ‘மாட்ஸ் பார்’ என்றும் ‘ஃபைவ்-எய்ட் கிளப்’ என்றும் இரண்டு கடைகள். இரண்டு கறி வடைகளுக்கு நடுவில் சீஸை ஒளித்து வைத்து, ஓரத்தை மூடி வாட்டுகிற யோசனை யாருடையது என்று இரண்டுக்கும் தீராத வழக்கு. மாட்ஸ் பாரில் 1954-இல் வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டு, அவருக்காகச் செய்தது என்பது அந்தப் பக்கத்து வாதம். 2014-இல் ஜனாதிபதி ஒபாமா அங்கே போய் ஒன்று தின்றுவிட்டு வந்தார். அவர் தின்றார் என்பதற்காக எதிர்க்கட்சி தன் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை. எவ்வளவு ஆரோக்கியமான நாடு!

பார்த்தீர்களா? ஒவ்வொன்றும் ஒரு குறையிலிருந்தோ, ஒரு வளத்திலிருந்தோ, ஒரு மனிதனின் பிடிவாதத்திலிருந்தோ பிறந்திருக்கிறது. காசு போதவில்லை, வெங்காயம் வந்தது. பால் மிகுந்தது, வெண்ணெய் வந்தது. ஒருவன் கேட்டான், ஒருவன் செய்தான். பிடித்த ஹாம்பர்கர் எது என்று ஓர் அமெரிக்கனைக் கேட்டால், அவன் சொல்வது பண்டத்தின் பெயரை அல்ல. கடையின் பெயரைச் சொல்வான். ஊரின் பெயரைச் சொல்வான். சில சமயம் கல்லுக்குப் பின்னால் நிற்கிறவரின் பெயரைச் சொல்வான்.

எதிர்க்கட்சி வக்கீல் இப்போது எழுந்திருக்கிறார். அவருக்கும் நியாயம் உண்டு. கேட்போம்.

“சுத்தம்?” என்கிறார் அவர். சரியான கேள்வி. 1906-இல் அப்டன் சிங்க்ளேர் ‘தி ஜங்கிள்’ என்ற நாவலை வெளியிட்டார். சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் நடப்பதை அவர் எழுதியதைப் படித்து நாடே குமட்டிக்கொண்டது. அந்த வருஷமே இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறியது. நாவல் எழுதிப் பிழைக்கும் எங்கள் கூட்டத்துக்கு இதைவிடப் பெருமை ஏது? ஆனால் சிங்க்ளேருக்கு அதில் ஒரு மனக்குறை. அவர் அந்தப் புத்தகத்தை எழுதியது தொழிற்சாலையில் உழைத்துச் சாகும் தொழிலாளிக்காக. வாசகர்கள் கவலைப்பட்டது தங்கள் வயிற்றுக்காக. தொழிலாளியை மறந்துவிட்டார்கள். இந்த மறதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது மறுபடி வரும்.

கொத்துக்கறி என்றாலே சந்தேகப்பட்ட அந்தக் காலத்தில், கன்ஸாஸ் ராஜ்யத்து விசிட்டாவில் வால்ட்டர் ஆண்டர்ஸன் என்ற சமையற்காரரும் பில்லி இங்கிரம் என்ற வியாபாரியும் சேர்ந்து 1921-இல் ‘ஒயிட் காஸில்’ என்ற கடையைத் திறந்தார்கள். பெயரே வெள்ளைக் கோட்டை. வெளியெல்லாம் வெள்ளை, உள்ளே பளபளக்கும் உலோகம், சமைப்பது வாடிக்கைக்காரர் கண்ணெதிரே. ஒன்று ஐந்து சென்ட். 1930-இல் மினஸோட்டா பல்கலைக்கழகத்து வைத்திய மாணவன் ஒருவனைப் பதின்மூன்று வாரம் ஹாம்பர்கரையும் தண்ணீரையும் மட்டும் உண்ண வைத்துப் பரிசோதனை நடத்தினார்கள். செலவு இங்கிரமுடையது. பையன் சௌக்கியமாக வெளியே வந்தான். விளம்பரம்தான். ஆனாலும் பயந்த ஜனங்களுக்குத் தைரியம் பிறந்தது. அந்தக் கடை சுத்தத்தை எல்லாக் கிளைகளிலும் ஒன்றாக்கியது. அதற்கு நான் கை தட்டுகிறேன். ஆனால் சுத்தம் ஒன்றாக இருப்பதற்குச் சமையற்காரனை ஒழிக்க வேண்டியதில்லை. நியூ ஹேவனில் 1898-ஆம் வருஷத்து அடுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறதே!

சமையற்காரனை ஒழித்த கதை கலிபோர்னியாவில் நடந்தது. ஸான் பெர்னார்டினோ என்ற ஊரில் ரிச்சர்ட், மாரிஸ் என்று இரண்டு சகோதரர்கள். குடும்பப் பெயர் மெக்டொனால்ட். 1940-இல் கடை திறந்தார்கள். நல்ல வியாபாரம். மோட்டார் வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் பெண்கள். இருபத்தைந்து வகைப் பண்டங்கள். 1948-இல் கடையை மூன்று மாதம் மூடினார்கள். பரிமாறிய பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தட்டும் கரண்டியும் போயின, காகிதம் வந்தது. இருபத்தைந்து ஒன்பதாயிற்று. ஹாம்பர்கர் பதினைந்து சென்ட். யாருக்கும் எதையும் தனியாகச் செய்து தருவதில்லை. கெட்ச்சப்பும் கடுகும் வெங்காயமும் ஊறுகாய்த் துண்டும் முன்கூட்டியே, எல்லாருக்கும் ஒரே அளவு. ஒருவன் கறியை மட்டும் திருப்புவான். ஒருவன் ரொட்டியில் சாந்தை மட்டும் வைப்பான். ஒருவன் பொட்டலம் மட்டும் கட்டுவான். பிறகு புதிய சமையலறைக்குத் திட்டமிட்டபோது, வீட்டு டென்னிஸ் மைதானத்தில் சாக்கட்டியால் படம் வரைந்து, அதற்குள் சிப்பந்திகளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். யார் எத்தனை அடி நடப்பது என்று கணக்கு!

புத்திசாலிகள். சந்தேகமே இல்லை. இந்த முறைக்கு அவர்கள் வைத்த சின்னத்தைக் கேளுங்கள். தலைக்குப் பதிலாக ஹாம்பர்கர் வைத்த ஒரு குட்டிச் சமையற்காரப் பொம்மை. பெயர் ‘ஸ்பீடீ’. சமையலறையிலிருந்து சமையற்காரனை எடுத்துவிட்டு, விளம்பரப் பலகையில் அவனைப் பொம்மையாக நிறுத்தினார்கள். இதைவிடக் கூர்மையாக எந்த நாவலாசிரியனாலும் எழுத முடியாது.

1954-இல், பால் பானம் கலக்கும் யந்திரம் விற்றுக்கொண்டிருந்த ரே க்ராக் என்பவர் அங்கே வந்தார். ஒரே கடை எட்டு யந்திரம் வாங்கியிருக்கிறதே என்று பார்க்க வந்தவர், கடையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். 1955-இல் இல்லினாய் ராஜ்யத்தில் தம் முதல் கிளையைத் திறந்தார். ஒரு பவுண்டு இறைச்சிக்குப் பத்து வடை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. 1961-இல் சகோதரர்களுக்கு இருபத்தேழு லட்சம் டாலர் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் என்றால் பெயரையும்தான். பழைய கடையைச் சகோதரர்கள் வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் ‘மெக்டொனால்ட்’ என்று எழுதக் கூடாது! தகப்பனார் கொடுத்த பெயர். இருந்தும் எழுதக் கூடாது. ‘தி பிக் எம்’ என்று பலகை மாட்டினார்கள். க்ராக் அருகிலேயே ஒரு மெக்டொனால்ட்ஸ் திறந்தார். சில வருஷத்தில் பழைய கடை மூடப்பட்டது.

யாரும் இல்லாமலே கடை நடக்கும் என்று நிரூபித்தவர்கள் அவர்கள். அந்த ‘யாரும்’ என்ற சொல்லுக்குள் தாங்களும் அடக்கம் என்பது அவர்களுக்குக் கடைசியில் தெரிந்தது.

சமையற்காரன் இல்லாத சமையலில் நிற்கிறவன் யார்? இன்று வந்து நாளைக்குப் போகிறவன். அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிடக் கூடிய வேலை. அவன் போனால் இன்னொருவன். ருசி மாறாது. ருசி மாறாததால் அவன் போவது யாருக்கும் தெரியாது. தெரியாததால் அவனுக்குக் கூலி ஏறாது. 2012 நவம்பரில் நியூயார்க்கில் இந்த மாதிரிக் கடைகளின் தொழிலாளர் சுமார் இருநூறு பேர் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மணிக்குப் பதினைந்து டாலர் கொடு என்றார்கள். அப்போது சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-இல் அந்த நாட்டு மத்திய சர்க்கார் வைத்த அந்தத் தொகை அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஆகியும் அசையவில்லை. கலிபோர்னியா ராஜ்யம் தனியாகச் சட்டம் செய்து, பெரிய உணவுக் கம்பெனிகளின் தொழிலாளருக்கு மணிக்கு 20 டாலர் என்று 2024 ஏப்ரலில் அமலாக்கியது. அதற்கு எழுந்த கூக்குரலை நினைத்துப் பாருங்கள்! பண்டத்தின் விலை ஏறிவிடுமே என்று வாடிக்கைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். சிங்க்ளேரின் வாசகர்கள் இன்னும் சாகவில்லை. இன்றைக்கும் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள்.

வக்கீல் மறுபடி எழுந்திருக்கிறார். “உன் பழைய கடைகள் எல்லாருக்கும் சோறு போட்டனவா? கறுப்பு நிறத்தவர்களை உள்ளே விட்டனவா?” என்கிறார். தலை குனிந்து ஒப்புக்கொள்கிறேன். தென் ராஜ்யங்களில் எத்தனையோ கடைகள் அவர்களை உட்கார விடவில்லை. ஊர்க் கடை என்றாலே சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ருசி அந்த அநியாயத்தைத் தீர்த்ததா? 1960 நவம்பரில் நாஷ்வில் நகரத்தில், ஜான் லூயிஸ், ஜேம்ஸ் பெவல் என்ற இரண்டு கறுப்பு வாலிபர்கள் ஒரு ஹாம்பர்கர் கடையில் போய் உட்கார்ந்தார்கள். மானேஜர் கதவைப் பூட்டிவிட்டுப் பூச்சி மருந்துப் புகையைத் திறந்துவிட்டார். அது ‘கிரிஸ்டல்’ என்ற, கிளை கிளையாகப் பரவிய கம்பெனியின் கடை. எல்லாக் கிளைகளிலும் ஒரே சதுர வடை, ஒரே ருசி. வடை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. நாற்காலிதான் ஒன்றாக இல்லை. நாற்காலியை ஒன்றாக்கியது அந்தப் பிள்ளைகளின் துணிச்சலும் 1964-ஆம் வருஷத்துச் சட்டமும். சமத்துவம் மேஜையில் வர வேண்டும். சாந்தின் அளவில் வந்து பிரயோசனமில்லை.

கடைசி வாதம் இது: “கடை பெருகினால் இப்படித்தான் ஆகும். வேறு வழியில்லை.” இதைத்தான் நான் அடியோடு மறுக்கிறேன். மெக்டொனால்ட் சகோதரர்கள் கடையை மூடித் திறந்த அதே 1948-இல், அதே கலிபோர்னியாவில், பால்ட்வின் பார்க் என்ற ஊரில் ஹாரி ஸ்னைடரும் அவர் மனைவி எஸ்தரும் ‘இன்-அண்ட்-அவுட்’ என்று ஒரு கடை ஆரம்பித்தார்கள். இன்று அதற்கு நூற்றுக்கணக்கான கிளைகள். ஆனால் யாருக்கும் பெயரை வாடகைக்கு விடவில்லை. இறைச்சியை உறைய வைப்பதில்லை. கடையிலேயே உருளைக்கிழங்கைச் சீவுகிறார்கள். புது இறைச்சி போய்ச் சேர முடிகிற தூரத்துக்கு மட்டுமே கிளை விடுவது என்று தங்களுக்குத் தாங்களே கோடு போட்டுக்கொண்டார்கள். அங்கேயும் கிளைக்குக் கிளை ருசி ஒன்றுதான் என்று வக்கீல் சொல்வார். உண்மை. லூயிஸ் லஞ்சுக்குச் சமமென்று நானும் சொல்லவில்லை. ஆனால் ‘இவ்வளவு போதும்’ என்று சொல்லக் கூடிய வியாபாரியும் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ‘வேறு வழியில்லை’ என்பது வழி தேடாதவன் சொல்லும் பொய்.

இன்னொரு பக்கத்து அபத்தத்தையும் ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறேன். 2001-இல் நியூயார்க்கில் டானியல் பூலூ என்ற பிரெஞ்சுச் சமையல் மேதை, வாத்து ஈரலை உள்ளே வைத்து ஒரு ஹாம்பர்கர் செய்து, இருபத்தைந்து டாலருக்கு மேல் விலை வைத்தார். பத்திரிகைகள் வியந்தன. அதில் கை இருந்தது, கலை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஐந்து சென்டுக்குப் பிறந்த பண்டத்தைத் தொழிலாளி எட்டிப் பார்க்க முடியாத மேஜையில் ஏற்றுவது அதற்குச் செய்யும் மரியாதையல்ல. எல் ரீனோ வெங்காயம் எனக்குப் போதும்.

சென்ற வாரம் நண்பர் மறுபடி வந்தார். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. “நியூயார்க்கில் ஒன்று தின்றீர்கள். லாஸ் ஏஞ்சலீஸில் ஒன்று தின்றீர்கள். ஆறு மாதத்தில் எத்தனை தின்றிருப்பீர்கள்?” என்று கேட்டேன்.

“இருபது, இருபத்தைந்து இருக்கும்.”

“அதில் எதைத் தின்பதற்காக மறுபடி ஒரு தடவை அமெரிக்கா போகலாம் என்று தோன்றுகிறது?”

நண்பர் வாயைத் திறந்தார், மூடினார். சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். நயாகராவின் உயரம் அதில் இருந்தது. பெட்ரோல் விலை இருந்தது. இரண்டு பக்கம் புரட்டினார், மூன்று பக்கம் புரட்டினார்.

“யோசித்துச் சொல்கிறேன், ஸார்” என்றார்.

யோசிக்கட்டும். மகளைப் பார்க்க அடுத்த வருஷமும் போகிறாராம். விமானத்திலிருந்து இறங்கியதும், “இந்த ஊர்க்காரர்கள் எங்கே தின்பார்கள்?” என்று ஒரு கேள்வி கேட்கும்படி அவரை வேண்டிக்கொண்டேன். உங்களில் போகிறவர்களையும் அதையே வேண்டிக்கொள்கிறேன். தின்று முடித்த பிறகு கல்லுக்குப் பின்னால் நிற்பவரின் பெயரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள அதைவிட நல்ல விஷயம் அந்த நாட்டில் அதிகம் இல்லை.